இலை தின்ற கிடா

அர்பெனிக் அன்று இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். பின்னால் எதை மறந்தாலும் அதை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவளே கேட்டு வாங்கி, லவாஷ் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்து, அடியில் நின்ற கொழுப்பைக்கூட விடாமல் வழித்துத் தின்றாள்.

தலைநகர் யெரெவானில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு அன்றுதான் ஊர் திரும்பியிருந்தாள். மகளுக்குத் தலைப்பிரசவம், ஆண் குழந்தை. திராட்சை அறுப்பு முடிந்த மறுநாள் கிளம்பிப் போனவள், அக்டோபர் பாதியில் மினிபஸ்ஸை விட்டு இறங்கி வந்தபோது வாசலில் பெரிய கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கொழுந்தன் ரஸ்மிக், கையில் கரண்டியோடு, உதடெல்லாம் மினுமினுக்க நின்றான்.

"பேரனுக்காக நேர்ந்துக்கிட்டேன் அண்ணி. பாதிரியார் மந்திரிச்ச உப்பை நானே கிடா வாயில வச்சேன். உங்க வலியெல்லாம் எனக்கு வரட்டும், உக்காருங்க."

நேர்ச்சைக் கிடாவை வேகவைக்கும்போது உப்பைத் தவிர வேறொன்றும் போடக்கூடாது. ஏழு வீட்டுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். ரஸ்மிக் எட்டு வீட்டுக்குக் கொடுத்தான். எட்டாவது வீடு ஊர்த் தலைவருடையது. அந்த வீட்டுக்குப் போன பங்குதான் இருப்பதிலேயே பெரியது. ஆளின் பக்தி அப்படிப்பட்டது.

"வால் கொழுப்பு மட்டும் ஆறு கிலோ அண்ணி. ஊர்ல எவன்கிட்டயும் இப்படி ஒரு வால் கிடையாது."

"என்னத்தைப் போட்டு இப்படி வளர்த்தே?"

"எல்லாம் கவனிப்புதான்."

அவன் மனைவி வார்சிக் அப்போது தலையைக் குனிந்துகொண்டு கிண்ணங்களை அடுக்கினாள். அர்பெனிக் அதைப் பார்த்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வாய்க்காலைத் தாண்டித் திராட்சைத் தோட்டத்துக்குப் போனாள். நாற்பது வரிசை. ஏழு வருஷத்துக்கு முன் அவளும் கணவன் ஜாவெனும் ஒவ்வொரு குழியாகத் தோண்டி நட்டது. ஜாவென் வெளிநாட்டில், ரோஸ்தோவில், கட்டட வேலை பார்க்கிறான். மார்ச்சில் போய் டிசம்பரில் வருகிற புருஷன்; பன்னிரண்டு வருஷமாக அப்படித்தான். வரும் அறுப்பில் கொடிகள் முழுசாகக் காய்க்கும், அது போதும், இனி இங்கே வரமாட்டேன் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டதாகப் போன மாதம்தான் போனில் சொல்லியிருந்தான். இந்தக் குளிர்காலத்தைக் கொடிகள் தாண்டினால் அவன் வீட்டில் இருப்பான். தாண்டாவிட்டால் மறுபடி பஸ் ஏறுவான். கணக்கு அவ்வளவுதான்.

தோட்டம் அம்மணமாக நின்றது.

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் செட்ராக்கின் தோட்டம். அங்கே இலைகள் பச்சையும் மஞ்சளுமாக வெயில் குடித்துக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் ஓர் இலை இல்லை. அர்பெனிக் ஒரு கொடியைப் பிடித்துப் பார்த்தாள். தானாக உதிரும் இலை காம்போடு உதிரும், இடத்தில் சின்னத் தழும்பு மட்டும் இருக்கும். இங்கே காம்பெல்லாம் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தது, நுனி மட்டும் நைந்து. கம்பியில் அழுக்கு ரோமம் கொத்துக் கொத்தாகச் சிக்கியிருந்தது. கீழே பார்த்தாள். வரிசை முழுக்கப் புழுக்கை. அவள் செருப்பின் அடியில், விரல் இடுக்கில், எங்கும் புழுக்கை.

ஆறு கிலோ வால் எதிலிருந்து வந்தது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நேற்று லவாஷால் வழித்துத் தின்ற கொழுப்பின் வழவழப்பு நாக்கில் திரும்ப வந்தது. வாய்க்கால் கரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். ஒரு ராத்திரி கழித்து என்ன வரும்? பித்தம்தான் வந்தது. இறைச்சி உடம்போடு கலந்துவிட்டது.

ஊரில் எல்லோரும் தோட்டத்தில் ஆட்டை விடுவதுதான். நவம்பரில், இலை தானாகக் கொட்டிய பிறகு விடுவார்கள். ஆடு தரையில் கிடப்பதைப் பொறுக்கும், கொடிக்கும் கேடில்லை. ஆனால் பழம் பறித்த கையோடு விட்டால் அது பிள்ளை பெற்றவள் வாயிலிருந்து கஞ்சியைப் பிடுங்குவது போல. பழம் இருக்கிறவரை கொடி நமக்காக உழைக்கிறது. அறுப்பு முடிந்தபின் ஒரு மாதம், ஒன்றரை மாதம்தான் அது தனக்காக உழைக்கும். இலை வெயிலில் சர்க்கரை சமைக்கும். அந்தச் சர்க்கரை கீழே இறங்கி, குச்சியிலும் தண்டிலும் வேரிலும் மாவுச்சத்தாகச் சேரும். குளிர் வந்ததும் கொடி அந்த மாவை மறுபடி சர்க்கரையாக உடைக்கும். சர்க்கரைத் தண்ணீர் சட்டென்று உறையாது, அதனால் மொட்டுக்குள் உயிர் நிற்கும். மிச்சமிருப்பதை வைத்துத்தான் வசந்தத்தில் முதல் இலை விடும். மாவு சேர்க்காத கொடிக்குக் குளிரில் உடைக்க ஒன்றுமில்லை. பார்க்க உயிரோடுதான் இருக்கும். பெரிய குளிர் ஒன்று வந்தால் தீர்ந்தது.

அர்பெனிக்குக்கு இது தெரியும். ஒன்பது வருஷம் ஒரு பிராந்தித் தொழிற்சாலையின் திராட்சை வாங்கும் முற்றத்தில் சர்க்கரை அளவு பார்க்கும் வேலையில் இருந்தவள். ரஸ்மிக்குக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வேண்டாம் அவனுக்கு. பழம் போய்விட்டால் தோட்டம் முடிந்தது என்று நினைக்கிற ஜாதி.

அவனைத் தொழுவத்தில் பிடித்தாள். நாற்பது ஆடும் கொழுகொழுவென்று அசைபோட்டுக்கொண்டு நின்றன. அவனும் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"தோட்டத்துல இலை எங்கடா?"

"காத்து அண்ணி." நாக்கூசாமல் சொன்னான். "நீங்க இல்லாதப்ப மூணு நாள் காத்து, அப்பப்பா. ஒண்ணையும் விட்டு வைக்கலை."

"செட்ராக் தோட்டத்துல மட்டும் காத்து அடிக்கலையோ?"

"அது பள்ளம்."

"காத்து புழுக்கை போடுமா?"

ரஸ்மிக் ஆடுகளைப் பார்த்தான். ஆடுகள் அவனைப் பார்த்தன. மூஞ்சியில் கொஞ்சமாவது வெட்கம் தெரிகிறதா என்று அர்பெனிக் தேடினாள். ஒரு புன்னகைதான் தெரிந்தது, அதுவும் கொழுப்புப் பூசிய புன்னகை.

"ஒரு நாள் வேலி தாண்டிப் போயிருக்கும். ரெண்டு நாள். அறுப்புதான் முடிஞ்சாச்சே அண்ணி, இலையை வச்சு என்ன பண்ணப்போறீங்க? கறி வச்சு டோல்மாவா சுத்தப்போறீங்க? உங்க பேரனுக்குத்தான் கிடா. வெளியாளா தின்னான்? நீங்களும்தானே ரெண்டு கிண்ணம் தின்னீங்க."

அந்த இரண்டு கிண்ணத்தை அவன் கடைசிவரை விடப்போவதில்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நவம்பர் முதல் வாரம் ஊரே கொடிகளை மண்ணுக்குள் படுக்க வைக்கும். கம்பியிலிருந்து அவிழ்த்து, தரையில் சாய்த்து, மேலே மண் தள்ளி மூடுவார்கள். மார்ச் கடைசிவரை அங்கேயே தூக்கம். குடும்பத்தில் டிராக்டர் ரஸ்மிக்கிடம்தான். அவன் வந்து நின்றபோது அர்பெனிக் வரப்பில் ஒரு கத்தி, அயோடின் புட்டி, இரண்டு திராட்சைக் குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் செட்ராக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அறுபது வயது, பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவர்.

"இது செட்ராக் அண்ணனோடது. இது நம்மது." குச்சிகளை நீளவாக்கில் பிளந்து இரண்டிலும் அயோடின் விட்டாள். மாவு இருக்கிற இடம் அயோடினில் கறுக்கும். செட்ராக்கின் குச்சி மை கொட்டியதுபோல் கறுத்தது. மற்றது தேநீர் நிறத்தில் அப்படியே இருந்தது.

ரஸ்மிக் டிராக்டரிலிருந்து இறங்கவே இல்லை. "இருமலுக்கு நெஞ்சுல கட்டம் போடற மருந்தை எடுத்துக் குச்சிக்குப் பூசறீங்களா? குச்சிக்குச் சளியா அண்ணி?"

"கேளு. குச்சி காலியா இருக்கு. வழக்கம்போல ஒரு சாண் மண் போட்டா இது தாங்காது. ரெண்டு சால் ஓட்டு. ஒரு முழம் மண் வேணும்."

"ஒரு முழமா? ஊர்ல என்னன்னு கேப்பான்ல?"

"கேட்டா சொல்லு."

அவன் சொல்வானா? இரண்டு சால் ஓட்டினால் எதற்கு என்று நாலு பேர் கேட்பார்கள்; கேட்டால் ஆட்டுக் கதை வெளியே வரும். மந்திரித்த உப்பு, எட்டு வீட்டுப் பங்கு, அண்ணன் பேரனுக்கு நேர்ச்சை என்று கட்டி எழுப்பிய பேரெல்லாம் போய்விடும். ஒரு சால் ஓட்டினான். நாற்பது வரிசைக்கும் ஒரே ஒரு சால். டீசல் விலையைப் பற்றிக் கொஞ்சம் புலம்பிவிட்டுப் போய்விட்டான்.

அர்பெனிக் மண்வெட்டியை எடுத்தாள். நாளுக்கு அரை வரிசை வீதம், டிசம்பரில் மண் இறுகிக் கல்லாகிறவரை ஒன்பது வரிசை மூடினாள். உள்ளங்கை பிய்ந்தது. போனில் ஜாவெனிடம் எல்லாம் சொன்னாள். அவன் நீளமாக மூச்சு விட்டான்.

"வந்து பாக்கறேன் அர்பெனிக் கண்ணு. தம்பிகிட்ட சண்டை போடாதே."

"சண்டை போடலை. மண்ணு போடறேன்."

டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி ஜாவென் வந்தான். ஊருக்கு வந்தவன் முதலில் தோட்டத்துக்குப் போகவில்லை. தம்பி வீட்டுக்குப் போனான். அங்கே ஒரு கிடா. திரும்பி வரும்போது அவன் கோட்டில் அந்த வாசனை இருந்தது. அர்பெனிக் கோட்டை எடுத்து வெளியே துணி உலர்த்தும் கயிற்றில் மாட்டினாள்.

"பூஜ்யத்துக்குக் கீழ பதினஞ்சு டிகிரி. என் கோட்டு விறைச்சுப் போயிடும்" என்றான்.

"போகட்டும்."

புத்தாண்டுக்கு இரண்டாம் நாள் எல்லோரும் அர்பெனிக் வீட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். பன்றித் தொடை, டோல்மா, முசுக்கட்டைச் சாராயம். செட்ராக்கும் வந்திருந்தார். மூன்றாவது கோப்பைக்குப் பிறகு ரஸ்மிக் சட்டைக்குள்ளிருந்து இரண்டு குச்சிகளை எடுத்து மேசைமேல் வைத்தான். முகத்தில் திருவிழாக் களை.

"அண்ணே, நீ வந்ததும் வராததுமா அண்ணி உன் காதைக் கடிச்சிருப்பாங்க, தம்பி தோட்டத்தைக் கெடுத்துட்டான்னு. சரி. இது உன் தோட்டத்துக் குச்சி, காலையில மண்ணைக் கிளறி நானே வெட்டினேன். இது செட்ராக் அண்ணனோடது, அவரே குடுத்தாரு. அண்ணி, அந்த மந்திர மருந்தைக் கொண்டாங்க."

அர்பெனிக்குக்கு என்ன வரப்போகிறது என்று புரிந்துவிட்டது. ஆனாலும் புட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். ரஸ்மிக் குச்சிகளைப் பிளந்து சொட்டுச் சொட்டாக விட்டான். அவளுடையது மஞ்சள். செட்ராக்குடையதும் மஞ்சள்.

"பாத்தியாண்ணே? ரெண்டும் ஒண்ணு. நவம்பர்ல அண்ணி என்ன தில்லுமுல்லு பண்ணாங்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

மேசையே சிரித்தது. ஜாவெனும் சிரித்தான், ஒரு மாதம் காத்திருந்து சிரித்த மாதிரி, நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிய சிரிப்பு. தம்பி குற்றவாளி இல்லை என்றானதில் அவனுக்கு அவ்வளவு நிம்மதி. பெண்டாட்டி பொய்க்காரி ஆவதைப் பற்றி அவன் யோசித்ததாகத் தெரியவில்லை. அவன் வாயோரத்தில் டோல்மாவின் தயிர் ஒட்டியிருந்தது. பன்னிரண்டு வருஷம் இந்த வாய்க்காகவா காத்திருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதற்காக அவள் வருத்தப்படவும் இல்லை.

"சிரிச்சு முடிச்சாச்சா?" என்றாள். "குளிர்ல மாவு சர்க்கரையாயிடும். செட்ராக் அண்ணன் குச்சியில மாவு இல்லை, ஏன்னா அது இப்ப சர்க்கரை. நம்ம குச்சியில மாவு இல்லை, ஏன்னா அது ஆட்டு வாலு. வெளியில பாத்தா ரெண்டும் மஞ்சள்தான்."

"ஆகா. கறுத்தாலும் அண்ணி சொன்னது சரி, கறுக்கலைன்னாலும் அண்ணி சொன்னது சரி. இது நல்லாருக்கே."

"இன்னொரு ஜோடிக் குச்சி வெட்டிட்டு வா. ரெண்டையும் தண்ணியில போட்டு அடுப்பு பக்கத்துல வைக்கலாம். சூடு பட்டா சர்க்கரை திரும்ப மாவாகும், இருந்தாத்தானே ஆகும். பழைய காலண்டர்ப் புத்தாண்டு அன்னிக்குப் பிளந்து பாப்போம். பதினோரு நாள். அதுவரைக்கும் நீ சிரி."

"எது யாரோடதுன்னு தெரிய நூல் நான்தான் கட்டுவேன்."

"நீயே கட்டு."

செட்ராக்கின் குச்சியில் சிவப்பு நூலை ரஸ்மிக்கே கட்டி முடிச்சுப் போட்டான். ஜாடி அர்பெனிக்கின் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அதன்பின் தினம் இரண்டு வேளை ஏதாவது சாக்கில் வந்து அதை எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். வார்சிக் மட்டும் வரவில்லை. ஒரு நாள் வேலிக்கு அப்பால் நின்று சொன்னாள்.

"அக்கா, ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை. மூணு வாரம். காலையில விட்டு சாயங்காலம் ஓட்டிட்டு வந்தாரு. நான் சொன்னேன், கேக்கலை."

"அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"கொப்பரை கொதிச்சிட்டிருந்துதே."

இதுவும் ஒரு காரணம். அர்பெனிக் உள்ளே போனாள். அந்த மாதத்தில் யாரைப் பார்த்தாலும் அவளுக்குச் சோற்றில் ரோமம் கிடந்த மாதிரி இருந்தது.

ஜனவரி பதின்மூன்று, பழைய புத்தாண்டு. மாலையில் தொலைக்காட்சியில் சொன்னார்கள்: பதினாறாம் தேதியிலிருந்து வடக்கே இருந்து குளிர் இறங்குகிறது, சமவெளியில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்துநாலு வரை போகலாம், பனி விழாது. பனி விழுந்தால் மண்ணுக்கு மேல் ஒரு போர்வையாவது கிடைக்கும். அதுவும் இல்லை.

அதே மேசை, அதே ஆட்கள். அர்பெனிக் கத்தியை ஜாவென் கையில் கொடுத்தாள்.

"நீயே வெட்டு. அப்புறம் தில்லுமுல்லுன்னு சொல்லக்கூடாது."

ஜாவென் சிவப்பு நூல் கட்டிய குச்சியைப் பிளந்து அயோடின் விட்டான். முதலில் ஒன்றும் ஆகவில்லை. ரஸ்மிக் வாயைத் திறந்தான். அதற்குள் பட்டைக்கு அடியிலிருந்து ஊதா கிளம்பி, நரம்பு நரம்பாகப் பரவி, குச்சி முழுக்கக் கறுத்தது. நூல் இல்லாத குச்சியைப் பிளந்தான். அயோடின் விட்டான். மேலும் விட்டான். புட்டியில் பாதி தீர்ந்தது. குச்சி வைக்கோல் நிறத்தில் கிடந்தது.

ரஸ்மிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. செட்ராக் அன்றைக்குரிய பத்து வார்த்தைகளில் மூன்றைச் செலவழித்தார்.

"அவ சொன்னது சரி."

ஜாவென் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எத்தனை நாள்டா மேய விட்டே?"

"அண்ணே, நான் என்ன எனக்காகவா... உன் பேரனுக்கு ஒரு நேர்ச்சை..."

"எத்தனை நாள்?"

"மூணு வாரம்" என்றாள் வார்சிக். சொல்லிவிட்டு உப்புக் கிண்ணத்தை நேராக நகர்த்தி வைத்தாள்.

ரஸ்மிக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டான். கண்ணில் நீரே கட்டிவிட்டது.

"சரிண்ணே. தப்பு நடந்துபோச்சு. பரிகாரம் பண்றேன். இந்தக் கொடிங்க பிழைக்கணும்னு இன்னொரு கிடா நேர்ந்துக்கறேன். இருக்கறதுலயே பெருசு. நாளைக்கே."

அர்பெனிக் மேசையைப் பிடித்துக்கொண்டாள். இவன் மனத்தில் ஓடுவது இதுதான்: கொடியைத் தின்று கொழுத்த கிடாவைக் கொடிக்காக வெட்டுவான், உப்பு மட்டும் போட்டு வேகவைப்பான், எல்லோரும் உட்கார்ந்து உறிஞ்சுவார்கள், பாவம் கழிந்துவிடும். அவள் ஜாவெனைப் பார்த்தாள். அவன் தம்பியின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகம் இளகிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள்.

"எனக்குக் கிடா வேண்டாம்" என்றாள். "மன்னிப்பும் வேண்டாம். உன் பரண்ல இருக்கற காய்ஞ்ச புல்லு வேணும். வைக்கோலும் வேணும். எல்லாம்."

"எல்லாமா?"

"முப்பத்தோரு வரிசை பாக்கி இருக்கு. மண்ணு இறுகிப்போச்சு, வெட்ட முடியாது. மேல ஒரு முழத்துக்குப் புல்லைப் பரப்பினா குளிர் உள்ள இறங்காது. நாளைக்கும் மறுநாளும்தான் நேரம் இருக்கு."

"அது ஆட்டுக்கு மார்ச் வரைக்கும் வச்ச தீவனம் அண்ணி. அதைக் குடுத்துட்டா ஆடு என்ன தின்னும்?"

"காத்தைத் தின்னட்டும்."

ரஸ்மிக் அண்ணனைப் பார்த்தான். "அண்ணே, சொல்லுண்ணே. வாயில்லாத ஜீவன்."

"கொடிக்கு வாய் இருக்கோ?" என்றாள் அர்பெனிக். "என் கொடி குளிருக்குன்னு சேத்து வச்சிருக்க வேண்டியதை உன் ஆடு தின்னுச்சு. உன் ஆடு குளிருக்குன்னு சேத்து வச்சதை என் கொடிக்குக் குடு. அதுக்கு மேல ஒரு பிடி எனக்கு வேண்டாம்."

ஜாவென் வெகுநேரம் மேசைத்துணியில் விழுந்திருந்த அயோடின் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அவன் என் தம்பி அர்பெனிக்" என்றான்.

"தெரியும். மேஸ்திரி நம்பர் இன்னும் உன் போன்ல இருக்கா?"

அவன் எழுந்து கோட்டை மாட்டினான். வாசல்வரை போய், திரும்பாமலேயே கையை நீட்டினான்.

"டிராக்டர் சாவியைக் குடுடா."

இரண்டு நாள் பகல் முழுக்க இழுத்தார்கள். ஜாவென் ஓட்ட, அர்பெனிக் பரப்ப, செட்ராக் கேட்காமலேயே வந்து கவையால் தள்ளிவிட்டார். வார்சிக் தன் வீட்டுப் பரணிலிருந்து கட்டுகளைக் கீழே தள்ளினாள். ரஸ்மிக் தொழுவத்து வாசலில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தான். பரண் காலியாக ஆக, ஆடுகள் கத்தத் தொடங்கின. பதினைந்தாம் தேதி சாயங்காலம் கடைசி வரிசை மூடியது. மறுவாரமே ரஸ்மிக் முப்பத்தேழு ஆட்டை வியாபாரிக்கு வந்த விலைக்கு ஓட்டிவிட்டான். ஒரு பெட்டையும் ஒரு குட்டிக் கிடாவும் மட்டும் மிஞ்சின. குளிர் சொன்னபடியே வந்தது. ஐந்து நாள் இருந்தது. வாய்க்கால் அடிவரை உறைந்தது. மேஸ்திரி இரண்டு முறை போன் செய்தான். ஏப்ரல்ல சொல்றேன் என்று ஜாவென் பதில் சொன்னான்.

ஏப்ரல் முதல் வாரம் திறந்தார்கள். புல் நனைந்து, புளித்து, கறுத்துக் கிடந்தது; கவையால் தூக்கினால் சளிபோல் நூல் நூலாகத் தொங்கியது. அடியில் எலிக் கூடுகள், இளஞ்சிவப்பாக நெளியும் குஞ்சுகள். பழைய ஆட்டு நெடி அதிலும் விடாமல் ஒட்டியிருந்தது. அர்பெனிக் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வரிசை வரிசையாகக் குனிந்தாள். மொட்டை நகத்தால் கீறிப் பார்த்தாள். பழுப்பு. அடுத்தது பழுப்பு. மூன்றாவது பச்சை. பிறகு பச்சை, பச்சை, பழுப்பு, பச்சை. மாலைக்குள் நாற்பது வரிசையும் பார்த்துவிட்டாள். மூன்றில் இரண்டு பங்கு உயிரோடு இருந்தது. இந்த வருஷம் அரைக் காய்ப்புதான். ஆனால் கொடி இருக்கிறது.

ஜாவென் வரப்பில் நின்றே மேஸ்திரியைக் கூப்பிட்டான். "வரலை" என்றான். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அர்பெனிக் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொள்ள அவளுக்கு இடம் போதவில்லை.

ஈஸ்டர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை ரஸ்மிக் வாசலில் மறுபடி கொப்பரை கொதித்தது. மிஞ்சிய குட்டிக் கிடாதான். கொடி பிழைத்ததற்கு நன்றி நேர்ச்சையாம். பாதிரியார் வந்திருந்தார், ஊர்த் தலைவர் வந்திருந்தார். எட்டு வீடு. ரஸ்மிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"நான் பெருமைக்குச் சொல்லலை. அண்ணன் தோட்டம் போகப்போகுதுன்னு தெரிஞ்சப்போ என் ஆட்டு வாயிலேருந்து பிடுங்கிக் குடுத்தேன். மந்தையே போச்சு. போகட்டும். ஆடு இன்னிக்கு வரும் நாளைக்குப் போகும், அண்ணன் ஒருத்தன்தான். என் தீவனம் இல்லைன்னா அங்க இன்னிக்கு ஒரு கொடி இருக்காது. இது பொய்யா, அண்ணே, நீயே சொல்லு."

"பொய் இல்லை" என்றான் ஜாவென். அவன் கண்கள் கலங்கியிருந்தன. எழுந்து தம்பியைக் கட்டிக்கொண்டான். ஊர்த் தலைவர் கைதட்டினார். பாதிரியார் தலையாட்டினார். செட்ராக் தன் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

வார்சிக் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து அர்பெனிக் முன்னால் வைத்தாள். மேலே வெள்ளையாகக் கொழுப்பு மிதந்தது. மேசை முழுக்க அவளையே பார்த்தது. அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் அவளால் கிண்ணத்தைத் தூக்கி அவன் முகத்தில் வீசியிருக்க முடியும். ஜாவென் தம்பியின் தோளில் கைபோட்டபடி அவளைப் பார்த்துக் கெஞ்சலாகச் சிரித்தான். இனி எல்லா வருஷமும், எல்லா மாதமும் வீட்டிலேயே இருக்கப்போகிற புருஷன்.

அர்பெனிக் லவாஷைப் பிய்த்தாள். கொழுப்பில் நனைத்தாள். வாயில் வைத்து, மென்று, விழுங்கினாள்.

"இன்னொரு கிண்ணம் அண்ணி?" என்றான் ரஸ்மிக்.